வலமாகப் போன படகு

எங்கள் மாமாவுக்குக் கப்பல் பைத்தியம் பிடித்தது, செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் மோட்டார் ரிப்பேர் செய்யப் போனபோதுதான். யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் ஒரு பழங்கால மரக்கப்பல், இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்களோடு. கடலையே பார்க்காத மனிதர், அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் அலைந்தார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. பல வருஷம் காய்ந்து கிடந்த எங்கள் ஊர் ஏரி அந்த வருஷம் நிரம்பி வழிந்து கோடி போயிருந்தது. வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இருந்தபடியே அண்ணாமலையார் மலையைக் காட்டுவது அவர் திட்டம். வேப்பம்பலகையில் படகு தயாரானது. எங்கள் பழைய மாட்டுவண்டிச் சக்கரங்கள் இரண்டிலும் பலகை அறைந்து துடுப்பாக்கினார். படத்திலிருந்த நீராவி இயந்திரத்துக்கு எங்கே போவார்? எங்கள் கிணற்று ஆயில் எஞ்சினைக் கேட்டார். மணிலாக் கடலைப் பயிர் அந்த எஞ்சினை நம்பித்தான் நின்றது. அப்பா முடியாது என்றார். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, ஒரே ஒரு நாளைக்கு என்று சம்மதம் வாங்கிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே ஏரிக்கரை மேல் நின்றது. அம்மா கற்பூரத் தட்டோடு தண்ணீர் ஓரம் வரை இறங்கினாள். தேங்காயோடு நானும் போனேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா இடது பக்கமாகப் படகைத் திருப்பி வைத்திருந்தார். அந்தப் பக்கம் ஆழம் பார்த்து மதகு வரைக்கும் கழி நட்டிருந்தார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பௌர்ணமி தவறாமல் மலையை வலம் வருகிறவள்.

“மொதமொத இடமா போவாங்களாடா? வலமா போ.”

“அக்கா, அங்க வெட்டின கருவேல மரத்துக் கட்டைங்க தண்ணிக்குள்ள நிக்குது.”

“அண்ணாமலையார் பாத்துப்பாரு. போ.”

மாமா தண்ணீரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு படகை வலப்பக்கம் திருப்பினார். அப்பா உட்படக் கரை மேல் இருந்தவர்களுக்கு எஞ்சின் சத்தம்தான் கேட்டது.

நிஜமாகவே ஓடியது. சக்கரங்கள் தண்ணீரை வாரி இறைத்தன, பிள்ளைகள் கரையோடு கூடவே ஓடினார்கள். ஐம்பது அடி போயிருக்கும். ஏதோ முட்டியது, பலகை கிழிந்தது, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எஞ்சின்தான் முதலில் உள்ளே போனது. மாமா நீந்தி வந்து கரையேறினார். யாரோ சிரித்தார்கள். எங்கள் வண்டிச் சக்கரம் ஒன்று மட்டும் நீருக்கு மேலே பாதி தெரிந்தது.

சேற்றில் புதைந்த எஞ்சினைக் கோடையில்தான் எடுக்க முடிந்தது. அதற்குள் மணிலா கருகியிருந்தது.

படகு கவிழ்ந்த அன்று மத்தியானமே அப்பா வாசலில் நின்றுகொண்டு, கழி நட்ட பக்கத்தை விட்டு ஏன் போனாய் என்று கேட்டார்.

“நான்தான் பெரிய இவனாட்டம் திருப்பிட்டேன் மாமா. என் தப்புதான்” என்றார் மாமா.

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் இந்த வாசப்படி மிதிக்காதே என்று அப்பா சொன்னபோதும் சொல்லவில்லை. எனக்கு அம்மா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

மாமா பெங்களூர் போய்விட்டார். என் தம்பிக்குக் காது குத்தியபோது மடி கொடுக்கக்கூட வரவில்லை. தூரத்து உறவில் ஒரு மாமனை உட்காரவைத்துச் சடங்கை முடித்தார்கள். அந்தக் கப்பல் படம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. இங்கிலீஷ் படிக்க வந்த பிறகுதான் அதன் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். அந்தக் கப்பலும் ஏதோ ஒரு ஏரியில் மூழ்கியதுதானாம்.

படகு கவிழ்ந்த பிறகு வந்த பௌர்ணமிக்கு அம்மா மலை சுற்றப் போகவில்லை. அதற்கு அடுத்த பௌர்ணமிக்கும் போகவில்லை. கேட்டால் கால் வலி என்றாள். வயலுக்கும் ரேஷன் கடைக்கும் நடந்தே போய் வந்தாள், பௌர்ணமிக்கு மட்டும் கால் வலித்தது. நான் நம்பினேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சாயங்காலம் நல்லெண்ணெய் காய்ச்சி, அவள் பாதத்திலிருந்து முழங்கால் வரை அழுத்தித் தேய்த்துவிட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுவாள். அவ்வளவு வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தேய்த்தேன்.