குழல் அடைத்த துவக்கு

ஸ்கீவ நகரில் எனக்கு மேல்மாடியை வாடகைக்குத் தந்த கிழவர் இயந்திரத் துப்பாக்கி சேர்க்கிறவர். முத்திரை சேர்க்கிறவர்களை எனக்குத் தெரியும், பழைய நாணயம் சேர்க்கிறவர்களையும் தெரியும். இந்த மனிசன் போயும் போயும் இதைச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் பழைய யுத்தங்களில் சுட்டுக் களைத்தவை. துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்தவனுக்குத் துவக்குகளுக்கு மேலே கட்டில். என் தலைவிதியை நொந்துகொண்டுதான் முதல் மாதம் முழுக்கப் படியேறினேன்.

"பயப்பிடாதை. எல்லாம் என்னைப் போலப் பென்சன் எடுத்ததுகள்," என்றார் அவர். நான் கேட்ட டேனிஷை இப்படித்தான் தமிழில் சொல்ல வருகிறது. கடைசல் பட்டறையில் வேலை செய்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். குழலுக்குள் இரும்பை இறுக்கி ஒட்டி அடைத்து, பொலிஸ் முத்திரை குத்திய பிறகுதான் அவற்றை வீட்டில் வைக்க விடுவார்களாம். ஞாயிறு காலையில் அவற்றுக்கு எண்ணெய் பூசித் துடைப்பார். துடைத்துக்கொண்டே என்னிடம் என் மனைவியைப் பற்றிக் கேட்பார். என்னிடம் அவளைப் பற்றிக் கேட்க அந்த ஊரில் வேறு ஆளில்லை. அதனால் கோபத்தை வைத்திருக்க என்னால் முடியவில்லை.

அவள் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். எங்கள் குடும்பங்களை இங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை டேனிஷ் அரசாங்கத்தின் மேலிடத்தில் அசையவிடாமல் வைத்திருந்த காலம் அது. பிற்பாடு நாடே அதைப் பேசியது, வழக்காயிற்று. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை, வந்து தபால்பெட்டியைப் பார்ப்பது, பிறகு படுப்பது. வேறென்ன செய்ய?

தொலைபேசியில் அவள் வேறெதுவும் கேட்கமாட்டாள், குளிரைக்கூட. "அங்கை றோட்டிலை ஆமி நிப்பினமோ?" என்றுதான் கேட்பாள். ஊரில் அவள் படிப்பிக்கப் போகிற வழியில், சந்தியில், மண்மூட்டைக்குப் பின்னால் ஓர் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. தினமும் அதற்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையை நீட்டிப் போய் வந்தவள். "இஞ்சை துவக்கு எண்டதே கண்ணிலை படாது. நீர் வந்து பாருமன்," என்று வாக்குக் கொடுத்தேன். கீழே ஒரு வீடு நிறையத் துவக்கு இருக்க, வாய் கூசாமல் சொன்னேன். அவள் நிம்மதியாக நித்திரை கொள்ளவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமில்லை.

ஒருவழியாக விசா கிடைத்தது. கிழவரிடம் ஓடிப்போய் சந்தோசத்தையும் சொன்னேன், அந்த வாக்கையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்றே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்வளவுக் கொட்டிலில் அடுக்கத் தொடங்கினார். நானும் கைகொடுத்தேன். வாசலில், படிக்கட்டின் அடியில் முக்காலியில் நின்ற பெரியதை மட்டும் எங்கள் இருவராலும் அசைக்க முடியவில்லை. "நீ போய்க் கூட்டிக்கொண்டு வா. இதை நான் பாக்கிறன்," என்றார்.

கோபன்ஹேகனில் இறங்கியவளை றெயில், கப்பல், திரும்பவும் றெயில் என்று கூட்டி வந்தேன். வழியெல்லாம் பனி. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அந்த நல்ல மனிசன், தன் மனைவி நத்தார்ப் பண்டிகைக்கு விரித்து வந்த வெள்ளை மேசைவிரிப்பை எடுத்து, இஸ்திரி போட்டு, துவக்கைத் தலைமுதல் கால்வரை மூடியிருந்தார். பக்கத்தில் ஒரு மெழுகுதிரி வேறு.

"இஞ்சருங்கோ," என்று என் கையைப் பிடித்தாள். "செத்தவீட்டுக்கே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

அவள் முகம் வெளிறியதைக் கண்டு பதறிய கிழவர், பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட விரிப்பை உருவிவிட்டார். குழல் நேராக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் கைப்பையைத் திறந்தாள், அடையாள அட்டையை எடுத்தாள், கிழவரை நோக்கி நீட்டினாள். யாரும் கேட்காமலே அவள் கை அதைச் செய்தது.

கிழவர் அட்டையை வாங்கினார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வருக," என்று டேனிஷில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, சுட்டுவிரலைக் குழலின் வாய்க்குள் விட்டார். விரல் நகக்கண்ணோடு நின்றது.

"அடைச்சிருக்கு. இது இனிச் சுடாது," என்றேன்.

"ஆர் அடைச்சது?"

"இஞ்சத்தை அரசாங்கம். அடைச்சாத்தான் வைச்சிருக்க விடும்."

"துவக்கை அடைக்கிற அரசாங்கமும் இருக்கே?" என்றாள். அத்தனை காலம் அவளை மறித்து வைத்திருந்ததும் இதே அரசாங்கம்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவளும் குந்தினாள். விரலை விட்டாள். விட்ட விரலை எடுக்காமல் அழுதாள். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். கிழவர் கோப்பி போடப் போய்விட்டார். திரும்பி வந்து விரிப்பை எடுத்து மூடப்போனவரை அவள் கைகாட்டி மறித்தாள்.

"மூடவேண்டாமெண்டு சொல்லுங்கோ. மூடிக் கிடந்தாத்தான் எனக்குப் பயம்."

அதன்பிறகு வெளியே போகும்போதும் வரும்போதும் குனிந்து குழலில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள். டேனிஷ் வகுப்புக்குப் பிந்தினாலும் வைப்பாள். நான் பகிடி பண்ணியதில்லை. கிழவர் ஞாயிறுகளில் அந்த வாயை மட்டும் எண்ணெய் இல்லாமல் துடைத்து வைப்பார், அவள் விரலில் பிசுக்கு ஒட்டக்கூடாதாம்.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள் இருவரும் கடைக்குப் போய் வந்தோம். அவள் இரண்டு கையிலும் பால், பாண், உருளைக்கிழங்கு. காற்றைத் திட்டிக்கொண்டே கதவைத் தள்ளினாள், திட்டிக்கொண்டே படியேறினாள். குனியவில்லை. பார்க்கக்கூட இல்லை. மேலிருந்து, "என்ன அங்கை நிக்கிறியள், சோறு போடவேணும்," என்றாள்.

"வாறன்," என்றேன். அவளுக்குப் பதிலாக நான் குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். அடைப்பு அப்படியே இருந்தது.