லேட் ஆஃப் தாராவி

மாட்டுங்காவில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்திரிகையாளர் சங்கம் கூடும். அதில் இருந்த ஒருவருக்கும் அச்சில் பெயர் கிடையாது. சென்னைப் பத்திரிகைகளில் அவர்கள் எழுதியதெல்லாம் "நமது பம்பாய் நிருபர்" என்றுதான் வெளிவரும். பகலில் எல்லோரும் குமாஸ்தாக்கள். என் கணவருக்கு ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. சங்கத் தலைவருக்கு ரயில்வே கணக்கு ஆபீஸ். சாயங்காலம் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கியதும் நிருபர்களாகிவிடுவார்கள்.

நான் சங்கத்துக்குக் காப்பி போட்டவள், அவ்வளவுதான். யுத்த காலம், சர்க்கரை ரேஷன். என் வீட்டுச் சர்க்கரையைக் குடித்துவிட்டு நாட்டின் உணவு நிலைமை பற்றி அவர்கள் தீர்மானம் போடுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாலக்காட்டில் ஹெட்மாஸ்டர் வீட்டுப் பெண் நான், மெட்ரிக் பாஸ் செய்தவள். அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன? டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகிறவளிடம் யார் இங்கிலீஷ் பேசப் போகிறார்கள்?

அந்தச் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர்களுடைய பிழைப்பே இங்கிலீஷ் பேப்பரில் வந்ததைத் தமிழாக்கி அனுப்புவது. ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினால் பம்பாய்த் தமிழனைப் பார்த்துச் சென்னைக்காரன் சிரிப்பான் என்று, ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் இதுதான் தமிழ் என்று கூடிப் பேசி, கை தூக்கி முடிவு செய்வார்கள். முடிவானால் அதுதான் சட்டம். "லேட்" என்ற சொல்லுக்கு ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை நடந்தது. "அமரர்" என்று போட வேண்டும் என்று ஒரு கட்சி, "காலஞ்சென்ற" என்று ஒரு கட்சி. அமரர் வடமொழி என்றார்கள். காலம் மட்டும் எந்த மொழி என்று திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் "காலஞ்சென்ற" ஜெயித்தது. தலைவர் அதற்கு என்னிடம் இன்னொரு சுற்றுக் காப்பி கேட்டார்.

அந்த வருஷம் ஆண்டு விழா நெருங்கியது. வருஷத்துக்கு ஒரு பம்பாய்த் தமிழரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது சங்கத்தின் பெருமை. யாரைப் பிடிப்பது என்று அலைந்துகொண்டிருந்தபோதுதான், ஆபீஸிலிருந்து வரும் ரயிலில் என் கணவர் கண்ணில் ஒரு சின்னச் செய்தி பட்டது. பர்மா எல்லையில் குண்டு மழைக்கு நடுவே, காயம்பட்டவர்களைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்த தமிழ்ச் சிப்பாய் ஒருவனைப் பற்றியது. பெயருக்குப் பக்கத்தில் தாராவி என்று இருந்தது. ரயிலில் நின்றுகொண்டே மொழிபெயர்த்து, வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுதி, தபாலில் சேர்த்துவிட்டார். சென்னைப் பேப்பர் பம்பாய்க்கு வந்து சேர்ந்தபோது அதில் கொட்டை எழுத்தில் இருந்தது: "தாராவியின் காலஞ்சென்ற வீரர்."

தாராவி டீக்கடைகளில் அந்தப் பேப்பர் கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. சிப்பாய் பட்டாளத்துக்குப் போகுமுன் வேலை பார்த்தது எங்கள் சங்கத்தின் புரவலரான ஒரு தோல் மண்டி பாயிடம். திருநெல்வேலிப் பக்கத்து ராவுத்தர், நல்ல மனுஷர். அவர்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சிப்பாயின் மனைவியிடம் வாசித்துக் காட்டினார். ஊருக்குத் தந்தி போயிற்று. ஊரில் கருமாதி நடந்தது. இங்கே தாராவியில் அவள் தாலியைக் கழற்றினார்கள்.

சர்க்காரிடமிருந்து ஒன்றும் வரவில்லையே என்று அவள் கேட்டிருக்கிறாள். "சர்க்கார் மெதுவாத்தான் வரும், பேப்பர்தான் ஜல்தி வரும்" என்று எங்கள் ஆட்களில் யாரோ சமாதானம் சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் ஒரு சாமர்த்தியமான பதிலாகவே சொன்னார்கள்.

அந்த வருஷப் பொன்னாடை அந்தச் சிப்பாய்க்குத்தான் என்று முடிவாகி, அவன் சார்பில் வாங்கிக்கொள்ள அவன் மனைவியை வரவழைத்திருந்தார்கள். விழா ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பெஞ்சு நிறையக் கூட்டம். பெண் பிள்ளைகள் என்று பார்த்தால் நானும் இன்னும் சிலரும்தான். மேடையில் நிருபர்கள் எல்லோரும் நடுவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு மட்டும் ஓரமாக, மற்ற நாற்காலிகளைத் தொடாமல் ஒரு நாற்காலி. அது ஜாதிக்காக என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. தேசத்துக்காக உயிர் கொடுத்தவன் என்று பேசினவர்களே அந்த நாற்காலியையும் தள்ளிப் போட்டவர்கள். அவளுக்கு என்னைவிடச் சின்ன வயது. வெறும் கழுத்தோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவருக்குத் தன் இங்கிலீஷ் உச்சரிப்பில் தனிப் பிரியம். அந்த இங்கிலீஷ் செய்தியைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். பெயரை வாசித்தார். பிறகு "லேட் ஆஃப் தாராவி, பம்பாய்" என்று வாசித்தார்.

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். என் அப்பா ரிட்டயரான பிறகு எழுதிய இங்கிலீஷ் கடிதம் ஒவ்வொன்றிலும் கையெழுத்துக்குக் கீழே ஹெட்மாஸ்டர் என்று போட்டு, ஹைஸ்கூலின் பெயருக்கு முன்னால் "லேட் ஆஃப்" என்று சேர்ப்பார். அப்படி எழுதிக்கொண்டே பல வருஷம், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். முன்பு அங்கே இருந்தவர் என்று அர்த்தம். அவ்வளவுதான். தாராவியில் முன்பு இருந்தவன், இப்போது பட்டாளத்தில் இருக்கிறான் என்றுதான் அந்தப் பேப்பர்காரன் எழுதியிருந்தான். என் கணவர் "லேட்"டைப் பார்த்ததும் சங்கத்தில் கை தூக்கி ஜெயித்த வார்த்தையைப் போட்டுவிட்டார். பின்னால் வந்த "ஆஃப்" யார் கண்ணிலும் படவில்லை.

எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போனேன். என் கணவரைக் கையைக் காட்டி அழைத்தேன்.

"ஏன்னா, 'லேட் ஆஃப்'னா செத்துப்போனவன்னா அர்த்தம்?"

முதலில் என்னைக் கோபமாகப் பார்த்தார். அப்புறம் அவர் உதடு மட்டும் அந்த இரண்டு வார்த்தைகளையும் சொல்லிப் பார்த்தது. அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. நேராகப் போய்த் தலைவரின் காதில் சொன்னார். தலைவர் கண்ணாடிச் சட்டத்தை ஒரு தரம் பார்த்தார். கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார்.

"விழா முடியட்டும். சபையில நாலு பெரிய மனுஷா இருக்கா. சங்கத்தோட மானம் போயிடும்" என்றார். அவர் மெதுவாகச் சொன்னதாக நினைத்தார். எனக்கு நன்றாகக் கேட்டது.

பிறகு பொன்னாடையைப் பிரித்தார்கள். தெரிந்த பிறகும் பிரித்தார்கள். அவள் கையில் கொடுத்தார்கள், கூட்டம் கை தட்டியது. என் கணவர் கை தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஆத்திரம்தான் அதிகம்.

கூட்டம் கலைவதற்குள் நான் அவளிடம் போய்விட்டேன். பாய் பக்கத்தில் நின்றார்.

"இதோ பாரு, அந்த இங்கிலீஷ் பேப்பர்ல உன் புருஷன் செத்துப்போனதா எழுதியிருக்கவே இல்லை. இவா தப்பா மொழிபெயர்த்துட்டா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பாய் அவள் பாஷையில் திருப்பிச் சொன்னார்.

"அப்பம் அவிய இருக்காவளா அம்மா?"

"செத்துட்டார்னு எழுதலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"இருக்காவ" என்றாள் அவள். நான் சொன்னது வேறு, அவள் கேட்டுக்கொண்டது வேறு. பொன்னாடையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு பாயின் காலில் விழப் போனாள். "ஏளா, எந்திரி, எந்திரி" என்று பாய் பதறினார். "அல்லா, என் வாயாலதான வாசிச்சேன்" என்று மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த மனுஷர் குழந்தை மாதிரி அழுதார்.

அடுத்த ஞாயிறு எங்கள் முன்னறையில் நடந்ததைச் சங்கக் கூட்டம் என்று சொல்ல முடியாது. திருத்தம் போட வேண்டும் என்றார் என் கணவர். போட்டால் சென்னைக்காரன் இனி நம் செய்தி எதையும் எடுக்க மாட்டான் என்றார்கள் மற்றவர்கள். பிழை சங்கத்தின் பிழை இல்லை, "காலஞ்சென்ற" சரியான சொல்தான், இடம்தான் தவறிவிட்டது என்று தலைவர் விளக்கம் கொடுத்தார். வழக்கம்போலக் கை தூக்கினார்கள். திருத்தம் தோற்றது. நான் அன்றைக்குக் காப்பி போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

என் கணவர் அவர்களைக் கேட்காமலேயே திருத்தம் எழுதி அனுப்பினார். தன் பெயரையும் போட்டு அனுப்பினார். பத்திரிகையில் ஒரு லேகிய விளம்பரத்துக்குக் கீழே, கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் அது வந்தது. பெயரை எடுத்துவிட்டு "நமது நிருபர்" என்றே போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சங்கம் எங்கள் வீட்டில் கூடவில்லை. வேறொருவர் வீட்டில் கூடியது. மறு வருஷம் ஒரு சங்கீத வித்வானுக்குப் பொன்னாடை போர்த்தினார்களாம். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பரை ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் மட்டும் வந்துகொண்டிருந்தாள். தானே ஒரு மஞ்சள் கயிற்றை முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் கட்டாத கயிறு என்று தாராவியில் பேசினார்கள். ஊரில் இருந்து மாமனார், மாமியார் அவளைப் பைத்தியம் என்று சொல்லி அனுப்பினார்கள். பிண்டம் வைத்துக் காக்கை எடுத்துவிட்டது, இனி என்ன திருத்தம் என்று கேட்டார்களாம். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாடிப்படி முடியும் இடத்தில் நின்று, "பேப்பர்ல ஏதும் போட்டிருக்கா அம்மா?" என்று கேட்பாள். உள்ளே வா என்று நான் கூப்பிடுவேன். கட்டடத்தில் உள்ளவர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அவள் "இருக்கட்டும்மா" என்று அங்கேயே நின்றுவிடுவாள். பாய்க்கு ஒரு தரம் சிப்பாயிடமிருந்து கார்டு வந்தது, சுகமாக இருக்கிறேன் என்று. ஊரில் அதையும் நம்பவில்லை. கார்டு வந்த அன்றைக்கு அவள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

யுத்தம் முடியப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு காலை. வாசலில் அவள் நின்றாள். கையில் ஒரு தந்தி. ஓடி வந்திருந்தாள் போல, மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் பயம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"பட்டாளத்திலேருந்து வந்திருக்கும்மா. தெருவுல ஒருத்தரு வாசிச்சிட்டு என்னமோ சொல்லுதாரு. நான் நம்பல. அவருக்கு இங்கிலீஷ் முழுசா வராது. நீங்க பாத்துச் சொல்லுங்க. இதுலயும் அந்த 'லேட்டு' இருக்கும்லா?"

வாங்கிப் படித்தேன். சின்னத் தந்தி. ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்ததை வருத்தத்துடன் தெரிவிப்பதாக இருந்தது. எந்த வார்த்தைக்கும் இரண்டு அர்த்தம் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார். அவரும் அந்த வார்த்தையைத்தான் தேடினார். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார், திரும்ப மேலே போனார். பிறகு என்னிடமே கொடுத்துவிட்டார்.

"இல்லைம்மா" என்றேன். "இதில அந்த வார்த்தை இல்லை. இது நெஜம்."

அவள் அழவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தாள். மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு சந்தேகம் கேட்பவள் மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊர்ல எல்லாரும் அழுது முடிச்சிட்டாவளே அம்மா. இனி யாரு வந்து அழுவா?"

கட்டடத்தில் கதவுகள் திறந்தன. நான் போய் அவள் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். என் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றார். அவள் அழுவதற்கு முன்னால் நான் அழுதேன்.