பத்திரத்தில் இருந்த அந்த ஒரு வார்த்தை

தாராவியில் தோல் பை தைக்கிறேன். கணவர் இறந்த பிறகு, சூப்பர்வைசர் வேலை கிடைக்குமென்று ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். வார்த்தை, அர்த்தம், எடுத்துக்காட்டு வாக்கியம் என்று நோட்டு நிறைய எழுதி மனப்பாடம் செய்தேன்.

போன மாதம் கொழுந்தன் ஆங்கிலப் பத்திரம் ஒன்றை நீட்டினான். "லைட் பில் உங்க பேருக்கு மாறணும்லா மதினி, சும்மா கையெழுத்துதான்."

இரண்டு பக்கத்தில் போட்டுவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் 'ரெலிங்க்விஷ்' என்று இருந்தது. தெரிந்த வார்த்தை என்ற பெருமையில் அவனிடமே ஒப்பித்தேன்: "உரிமையை விட்டுக்கொடுப்பது. ராஜா சிம்மாசனத்தை ரெலிங்க்விஷ் செய்தார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இங்கே விட்டுக்கொடுப்பது நான். போகப்போவது கணவர் பேரில் இருந்த எங்கள் ரூம். அது போனால் இரண்டு பெண்பிள்ளைகளோடு ரோட்டில்தான் படுக்க வேண்டும். பத்திரத்தைக் கிழித்துப் போட்டேன்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா மதினி?" என்று கத்தினான்.

"ஏல, ராஜாவுக்கு வேற அரமண இருக்கும். நான் பிள்ளைகளக் கூட்டிட்டு எங்கல போவேன்?"

அர்த்தம் தெரிந்தும் ஏமாறப் பார்த்த முட்டாள் நான். இப்போது வகுப்பில் தரும் வாக்கியங்களை நான் எழுதுவதில்லை. எந்த வார்த்தையானாலும் என் பெயரையும் என் ரூமையும் வைத்து நானே வாக்கியம் எழுதுகிறேன். டீச்சர் சிவப்பு மையில் அடிக்கிறார். அடிக்கட்டும்.