தங்கை சாத்திய கதவு

தமிழ் பேசும் எல்லையோரக் கௌதள்ளியில் கட்டிக்கொடுத்த என் தங்கை, புருஷனின் அடி தாங்காமல் மைசூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்குக் கன்னடம் திக்கித் திக்கித்தான் வரும். இங்கே ஹெப்பாளில் ஃபேக்டரி வேலை பார்த்துக் கன்னடம் பழகிய நான்தான் போலீஸிடமும் வக்கீலிடமும் அவளுக்காகப் பேசினேன். என்ன நடந்தது என்று கேட்டால், "அடிச்சாருங்ணா, அவ்வளவுதான்" என்பாள். "இதுக்கெல்லாம் கேஸா? சமாதானமாப் போங்க" என்று அவர்கள் அவளைப் புருஷனிடமே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். எதையும் முழுசாகச் சொல்லாத அவள்மேல்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

கேஸுக்குப் புதிதாக வந்த பெண் வக்கீல், தன் அறைக்கு வெளியே என்னை உட்காரச் சொன்னார்.

"நான் அவ கூடப்பொறந்தவன். நானில்லாம அவ என்னத்தப் பேசுவா?" என்று கத்தினேன்.

"கூடப்பொறந்தவர்னுதான் அண்ணா வெளிய இருக்கச் சொல்றேன். அவங்க கன்னடமும் என் தமிழும் அரைகுறைதான், சமாளிச்சுக்கறோம்" என்றார். பிறகு தங்கையிடம், "கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தணுமாம்மா? நடுவுல வேண்டாம்னா நிறுத்திக்கலாம்" என்றார்.

அதுவரை அவளிடம் எது வேண்டும் என்று எவனும் கேட்டதில்லை, நான் உட்பட. அவளே எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

வார்த்தைகள் கேட்கவில்லை. ஆனால் அவள் குரல் நிற்கவே இல்லை. பிறகு அழுதாள். அப்படி ஓர் அழுகையை என் வீட்டில் அவள் அழுததே இல்லை. அண்ணனிடம் சொல்ல முடியாதது ஒரு பெண்ணுக்கு இருக்கும் என்பது அங்கே உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது.

முகம் வீங்கி வெளியே வந்தவள், "பசிக்குதுங்ணா" என்றாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. உள்ளே என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.