சோபாக்காரரும் முன்வரிசைத் துண்டும்

எட்டு வருடம் ஓர் ஆங்கிலேய இயக்குநரோடு குடும்பம் நடத்தினேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் கூடத்தானே இருந்தார்! மேடை நாடகங்களைப் படமாக்கியே பெயர் வாங்கிய அந்த மனிதரின் திரைவாழ்க்கைதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் லேப்டாப்பில் படம் ஓடும். கடலை வியாபாரியான இவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பிள் கடலையை உடைத்துத் தின்றுகொண்டே பார்ப்பார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது.

"என்னம்மா இது, ஒக்காந்து பேசுறாங்க, எந்திரிச்சுப் பேசுறாங்க, மறுபடி ஒக்காந்துர்றாங்க. அந்த சோபாவ விட்டு வெளிய வரவே மாட்டாங்களா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த இயக்குநருக்குப் பெயர் சோபாக்காரர்.

சோபாக்காரர் பாவம். நாடகக் கம்பெனியில் திரை இழுத்து, தொலைக்காட்சிக்குப் போய், அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர். கடைசிவரை அடுத்தவர் எழுதிய நாடகங்களைத்தான் எடுத்தார். சினிமாக்காரர்கள் அவரை நாடகக்காரர் என்றார்கள், நாடகக்காரர்கள் சினிமாக்காரர் என்றார்கள். இரண்டு பக்கமும் இடி வாங்கிய மனிதருக்கு வக்காலத்து வாங்கத்தான் நான் முந்நூறு பக்கம் எழுதினேன். நான் பாடம் நடத்தும் கல்லூரியிலோ, பட்டம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு புதுக்கோட்டையில். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று ஒரு விதி இருக்கிறது, அங்கேதான் பிடித்தது சனி. என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் ஆலங்குடியிலிருந்து எனக்கு முந்திய பஸ்ஸிலேயே போய் இறங்கிவிட்டார். ஊர்த் திருவிழா நாடகத்துக்கு மதியமே போய் மேடைக்கு முன்னால் பாய் விரித்து எனக்கு இடம் பிடிக்கிற ஆள். அதே பழக்கத்தில், முன்வரிசை நடு நாற்காலியில் துண்டைப் போட்டு வைத்துவிட்டார். அது வெளியூர்த் தேர்வாளரின் நாற்காலி.

தேர்வாளர் வந்து துண்டை இரண்டு விரலால் தூக்கி, "இது யாருடையது?" என்றார்.

"நம்மளதுதாங்க" என்று சிரித்தபடி இவர் வாங்கிக்கொண்டு, ஓரத்துத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான் தலையில் அடித்துக்கொள்ளாததுதான் குறை.

தேர்வாளர் விட்டாரா? "நாடகத்தை எழுதியது வேறொருவர். நடிகர்களோ மேடையிலேயே ஊறியவர்கள். இதில் இந்த இயக்குநர் செய்தது என்ன?" நாகரிகமான ஆங்கிலத்தில்தான் கேட்டார். உன் ஆள் என்ன கிழித்தார் என்றுதான் என் காதில் விழுந்தது. முந்நூறு பக்கமும் மண்டையை விட்டுப் பறந்துபோனது. என் நெறியாளர் தரையைப் பார்த்தார்.

அப்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. துண்டு தோளில் தொங்க, என் வீட்டுக்காரர் நாற்காலியோடு நட்டநடுவில் வந்து, தேர்வாளருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்தார். மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கு அவிழ்ந்தது.

"இதைத்தான் சார் என் இயக்குநரும் செய்தார்! நாடகம் பார்க்கிறவர் தூண் மறைத்தாலும் உட்கார்ந்த இடத்திலேயேதான் இருக்க வேண்டும். அவர் கேமராவால் நம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், முகம் தெரிகிற இடத்தில் போட்டார். பல நேரம் பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்கிறவர் முகத்தைக் காட்டினார். நாடகம் அடுத்தவருடையது. நம்மை எங்கே உட்கார வைப்பது என்பது அவருடையது."

தேர்வாளர் திரும்பி என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அரை மணி நேரத்தில், பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, என்ன நெனச்சுக்கிட்டு நடுவுல எந்திரிச்சு வந்தீங்க?"

"நீ பேச்சு மூச்சில்லாம நின்ன. தூணு மறைச்சுச்சு. ஒன் மொகம் தெரியாம எனக்கு என்ன வெளங்கும்?"

"மொகத்தப் பாத்தா இங்கிலீஷ் வெளங்கிருமாக்கும்!"

"பின்ன, எட்டு வருசமா அந்தப் படத்தையெல்லாம் எதப் பாத்து வெளங்கிக்கிட்டேங்குற?"

பஸ் என்றும் பாராமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் துண்டை நீட்டினார்.