வாதி என் அண்ணன்

அப்பா உயில் எழுதி வைத்திருந்தார் என்பதே கருமாதி முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வயல் அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதி. வீடு எனக்கு மட்டும். ஏன் அப்படி என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

கணவர் இறந்தபின் நான் அந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அப்பா பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். அண்ணன் அதற்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டார். திருப்பத்தூரில் டிராக்டர் உதிரிபாகக் கடை போட வேண்டும், என் பாகத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்று அவர் கேட்க, நான் இருக்கும்வரை இந்த வாசலை மிதிக்காதே என்று அப்பா சொல்லிவிட்டார். இரண்டு பேரும் ஒரே அச்சு. கடைசிவரை யாரும் இறங்கி வரவில்லை. அண்ணன் கொள்ளி வைக்கத்தான் வந்தார்.

உயில் செல்லாது என்று அவர் வழக்குப் போட்டார். நினைவு சரியில்லாத தகப்பனை ஏமாற்றி நான் கையெழுத்து வாங்கிவிட்டதாக மனுவில் இருந்தது. வழக்கைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ‘ஏமாற்றி’ என்ற அந்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. வாய்தா நாட்களில் அவர் திருப்பத்தூரிலிருந்து வரும் பஸ்ஸில்தான் எங்கள் ஊரில் நானும் ஏற வேண்டும். அவர் முன் சீட்டில், நான் பின் சீட்டில். காரைக்குடி வரை அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே போவேன். முடி நரைத்துக்கொண்டே வந்தது.

இரண்டாம் வருடம் நீதிபதி எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். அங்கே எங்களுக்குச் சமரசம் பேசியது ஒரு பெண் வக்கீல். எங்கள் வக்கீல்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, உயிலைப் பற்றி ஒன்றும் கேட்காமல், வீடு கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று அண்ணனிடம் கேட்டார்.

“எனக்கு வீடு வேணாம்மா. வருசத்துக்கு ஒருநா அந்த வீட்டுலதான் எங்க முன்னோருக்குப் படைப்பு. எங்கம்மாவுக்கும் அங்கதான் சேலை வச்சுக் கும்புடணும். அன்னைக்கு உள்ள போறதுக்கு நான் ஒருத்தர்ட்ட கேட்டுக்கிட்டு நிக்கக்கூடாது. அம்புட்டுத்தான்.”

அண்ணன் வீட்டை விட்டுப் போயிருந்த காலம் முழுக்கப் படைப்பு நாளில் அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். நான் அவரிடம் சொல்லாமல் அண்ணனிடமே சொன்னேன்.

“பாகம் வாங்குனா நீங்க வித்துருவீகன்னு பயந்தேண்ணே. வித்துட்டா நான் எங்குட்டுப் போவேன்?”

“ஒன்னைய தெருவுல விடவா நான் வந்தேன்?” என்றார். குரல் உடைந்துவிட்டது. நாங்கள் நேருக்கு நேர் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். வரப்புக்கும் கிணற்றுக்கும் இன்னும் சில தடவை உட்கார வேண்டியிருந்தது. கடைசியில், வீடு எனக்கு. படைக்கும் கூடம் இரண்டு பேருக்கும் பொது. ஒருவரைக் கேட்காமல் மற்றவர் விற்கக் கூடாது என்று முடிவானது. எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும் நேரத்தில் அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். தங்கச்சி ஏமாற்றியதாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்றும் எழுதச் சொன்னார். என்னிடம் அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த வருடம் மாசியில் படைப்புக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். அண்ணி என்னிடம் சரியாக முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் நேராக அடுப்படிக்குப் போய் முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். உப்பு எங்கே என்று கேட்டதுதான் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. படைத்துக் கும்பிட்டுச் சாப்பிட்டதும் அண்ணன் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓடு நாலஞ்சு ஒடைஞ்சு கெடக்கு. மழைக்கு முன்னால மாத்திப்புடணும்,” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு ஆள் கூட்டிக்கொண்டு அவரே வந்தார்.