குகை எந்தக் கை?

ஓட்டல் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷமாகப் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். ஊருக்கெல்லாம் இஸ்திரி அக்கா. கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. அவன் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

அம்மாவின் கல் தோடுதான் காரணம். அம்மா அதைக் காதில் போட்டதே கிடையாது. துணியில் முடிந்து பெட்டியடியில் வைத்திருந்தாள். ஒருநாள் முடிச்சு மட்டும் இருந்தது, தோட்டைக் காணோம். "அதை நான் கண்ணால கூடப் பாத்ததில்ல. வீட்ல இருந்தது உன் தம்பி ஒருத்தன்தான்" என்று சத்தியம் பண்ணினார் அவள் புருஷன், பஸ் டிரைவர். தம்பி வாயே திறக்கவில்லை. அக்காதான் திறந்தாள்: "இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல."

அந்தத் தம்பி சின்னப்பிள்ளையில் ஒரு கேள்வி கேட்டான். "வலது கை தெரியும், இடது கை தெரியும். குகை எந்தக் கைக்கா?" வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவனோ அசரவில்லை. மறைத்து வைக்கிற கைதான் குகை என்று அவனே முடிவு கட்டி, அன்றிலிருந்து யாரை வரைந்தாலும் மூன்று கை போட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் மாவுக்கட்டுக் காலை நாற்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு டிவியில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கத்தல்.

"அம்மா! மூணு வருஷமா எல்லாரும் தேடுற ஓவியக் குகைம்மா! அருவிக்குப் பின்னாடி வழுக்கி விழுந்தேன், உள்ள வந்துட்டேன்!"

"நிஜத்துல வழுக்கி விழுந்தப்போ கால்தான உடைஞ்சுது" என்று துணி மடித்தபடியே நிமிர்ந்தாள் அக்கா.

தீப்பந்த வெளிச்சத்தில் சுவர் முழுக்க ராஜாக்கள், குதிரைக்காரர்கள், மீன்காரிகள். ஒருத்தர் பாக்கியில்லாமல் மூன்று கை. மடித்த துணி காலடியில் சரிந்தது.

"ஏதோ பழைய சாமிங்க போல" என்றாள் மகள்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்லடி. இதை வரைஞ்சது உன் மாமன். உசுரோட இருக்கான்டி!"

மகள் பந்தத்தை அடுத்த சுவருக்கு நகர்த்தினாள். இஸ்திரிப் பெட்டியோடு ஒருத்தி குனிந்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் டிரைவர் தொப்பி வைத்த ஆள். அவன் முதுகுப் பக்கம் மறைந்திருக்கிற மூன்றாவது கையில் ஒரு ஜோடித் தோடு. ஜன்னலோரம் உதட்டில் விரல் வைத்தபடி ஒரு பையன்.

படம்தானே, கோபத்தில் யார் தலையிலும் எதையும் வரைந்து கட்டலாமே என்று அக்காவின் மனசு ஒரு மூலையில் முட்டுக்கொடுத்துப் பார்த்தது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த டிரைவர், கண்ணாடியை மூக்கில் ஏற்றி டிவியை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு.

"திருட்டுப் பயலுக்குப் பழியைத் தள்ளிவிடத்தான் தெரியுது, எண்ணத் தெரியல. தோட்டுக்கு ஏழு கல்லு. இவன் எட்டு போட்டிருக்கான்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவர் காதுக்கே எட்டியது. மகள் கையிலிருந்த ரிமோட் அப்படியே நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து புருஷனை 'நீங்க' என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டறியாதவள் அக்கா. இப்போது கேட்டாள்:

"நீ எப்போ எண்ணின?"

அவன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றான், அது மாட்டித்தான் இருந்தது.

தம்பி பார்த்திருக்கிறான். அக்கா குடும்பம் உடையக்கூடாதென்று பழியை வாரிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். அக்கா மகளைக் கேட்டாள்.

"இந்தக் கேம் பண்ணினவங்களுக்கு எழுத வழி இருக்கா?"

"இருக்கும்மா. மெயில் போடலாம்."

"படம் போட்டவன்கிட்ட சேக்கச் சொல்லி எழுது. 'ஏழு கல்லுடா, எட்டு இல்ல. உங்க மாமாவே சொன்னாரு. வீட்டுக்கு வா. அக்கா.'"

மகள் அடித்து முடித்தாள். அக்கா எட்டிப் பார்த்து, 'மாமாவே சொன்னாரு' என்ற இடத்தில் விரல் வைத்தாள்.

"அந்த 'ரு'வை எடுத்துடு. 'சொன்னான்'னு போடு."